ஜெலுத்தோங், ஆறாம் நாற்காலி

திங்களும் புதனும் காலையில்
எனக்கு ஆறாம் நாற்காலி, அவருக்கு ஏழாவது.
நான்கு மணி நேரம் எங்கள் இரத்தம்
வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பும்.
சுவரில் ஒலியில்லாத கண்டோனிஸ் நாடகம்.
பேசாமல் என்ன செய்வது.

பெயர் கேட்டார். கெத்சியாள் என்றேன்.
"யோபுவின் இரண்டாம் மகள்" என்றார் உடனே,
பக்கத்துத் தெருப் பெண்ணைச் சொல்வதுபோல.
அவர் மெனாஷே.
எங்கள் சபையிலும் ஒரு மனாசே உண்டு,
கணக்கு டியூஷன் எடுப்பவர், பெரிய மீசை.
சிரித்ததில் அவர் கை குலுங்கி
ஊசி நழுவப் பார்த்தது.

பாரத்தில் அவர் மதத்துக்கு நேரே
லாயின்-லாயின் என்றிருக்கும்.
மளிகைக் கணக்கின் கடைசி வரிபோல, இதர.
"அதுவே பத்திரம்" என்றார்.
அந்த இதர என்னவென்று எனக்குச் சொல்ல
மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் எப்போது மாறினீர்கள்
என்று என்னைக் கேட்காதவர் இந்த ஊரில் குறைவு,
பாலிக் புலாவில் என் கொள்ளுத்தாத்தாவே
தொட்டிலில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றாலும்.
அவர் கேட்கவில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் பழைய ஏற்பாடு என்றேன்.
"எங்களுக்கு அது பழையது இல்லை."
கோபமில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
பழையது என்றால் எங்கள் வீட்டில்
நீரூற்றி வைத்த நேற்றைய சோறு,
காலையில் அதுதான் உயிர் என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"நன்றாகச் சமாளிக்கிறீர்கள்" என்றார்.

இன்னொரு நாள்,
"நம்பாத நாளிலும் நான் யூதன்தான்" என்றார்.
எனக்கு அப்படியில்லை.
நம்பிக்கை வராத விடியலில்
நான் யாரென்று எனக்கே தெரிவதில்லை.
இதைப் போதகரிடம்கூடச் சொன்னதில்லை.

உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றேன்.
"எனக்காகவா, நான் மாறுவதற்காகவா?"
பொய் சொல்லியிருக்கலாம்.
"இரண்டுக்கும்."
"முதலாவதை வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மட்டும் அவர் காலை, நான் மாலை.
சூரியன் விழுமுன் அவர் வீட்டில்
மெழுகுவத்தி எரிந்தாக வேண்டும்.
பெரிய வெள்ளி வந்தது.
மூன்று மணி ஆராதனையில் பாடுகளை வாசிக்க
என் பெயர் போட்டிருந்தார்கள்.
இடம் மாற்றிக்கொள்வோம் என்றார், நான் கேட்காமலே.
"ஒரு வாரம் ஆண்டவர் பொறுப்பார்."

நின்று வாசித்தேன்.
யூதர்கள். யூதர்கள். யூதர்கள்.
முப்பது வருடம் காதோடு போன சொல்
அன்று ஒவ்வொரு தடவையும்
என் நாற்காலியில் போய் உட்கார்ந்தது,
கையில் ஊசியோடு.
தாண்டிப் போக முடியாது, வேதம்.
குரல்தான் இறங்கியது.
ஒலிபெருக்கிக்காரத் தம்பி சத்தத்தைக் கூட்டினான்.

திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன்.
எத்தனை தடவை என்று கேட்டார்.
பதினொன்றுக்குப் பிறகு எண்ணவில்லை.
கையைச் சுற்றிய பிரஷர் பட்டை
இறுகி, நின்று, தளரும்வரை பேசவில்லை.
"என் அப்பா வளர்ந்த ஊரில் அந்த ஒரு நாள்
பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள்.
கதவுக்குப் பின்னாலிருந்து
ஊர்வலத்தைக் கேட்டிருக்கிறார்.
பாட்டு அழகாயிருக்கும் என்பார்."

மன்னியுங்கள் என்றேன்.
அதை அவர் வாங்கவுமில்லை, தள்ளவுமில்லை.
வெள்ளி மாலையைப் பற்றிச் சொன்னார்:
பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு,
நர்ஸ் ஹஸ்லிண்டா நின்றபடியே
ஒரு பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தாள்.
"என் ஓய்வுநாள் வந்துவிட்டதென்று
எனக்கு அப்படித்தான் தெரிந்தது."

அடுத்த வருஷம் வேறு யாரையாவது
வாசிக்கச் சொல்லட்டுமா?

"வேண்டாம். நீங்களே வாசியுங்கள்.
அந்தச் சொல்லின் முகம் தெரிந்த ஒருத்தி
வாசிக்கட்டும்."

இயந்திரம் கத்தியது,
அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.
ஹஸ்லிண்டா ஓடிவந்தாள்.
கையை அசைக்காதீர்கள் என்றாள்
இருவரையும் பார்த்து.